பொதுத் தேவை எதுவென்று யார் தீர்ப்பது?

(கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காணி பறிபோகும் அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வத்திற் சிறந்த ஐக்கிய அமெரிக்காவிலும், நியூ லண்டன் என்னும் சிறு துறைமுகப் பட்டினத்து மக்கள் அவ்வச்சத்தோடு போராடினர். அவர்களுடைய கதை நமக்கு ஒரு பாடம்.

அப்பட்டினம் நலிவுற்றிருந்தது உண்மை. 1,500 பேருக்கு மேல் வேலை செய்த கடற்படை நிலையமொன்று 1996இல் மூடப்பட்டது. 1998இல் மக்கட்டொகை 24,000க்கும் குறைந்திருந்தது. அவ்வாண்டிலே பைசர் என்னும் மருந்துக் கொம்பனி அங்கு ஆய்வு நிலையம் அமைக்க முன்வந்தது. அதனை அடுத்துள்ள 90 ஏக்கர் நிலத்தில் விடுதியும் அலுவலகங்களும் புதுமனைகளும் எழுப்பும் திட்டத்தை நகர ஆட்சியினர் 2000இல் அங்கீகரித்தனர். ஆயிரம் பேருக்கு மேல் வேலை கிடைக்கும், வரி வருமானம் பெருகும் என்றனர்.

பலர் விற்று வெளியேறினர். ஒன்பது பேர் மறுத்தனர். அவர்களுள் ஒரு மூதாட்டி 1918இல் பிறந்ததும் வாழ்ந்ததும் அதே வீட்டில்தான். அவர்களுடைய 15 ஆதனங்களுள் ஒன்றேனும் பாழடைந்ததென எவரும் கூறவில்லை. திட்டத்தின் எல்லைக்குள் இருந்ததே அவை செய்த குற்றம்!

வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வேலையும் வரியும் பெருகுவது பொது நோக்கமே என்று 2005 யூன் 23இல் நீதியரசர் ஐவர் தீர்த்தனர், நால்வர் மறுத்துரைத்தனர். மக்கள் தோற்றனர். வழக்கை முன்னின்று நடத்திய சுசெட் கீலோ என்னும் பெண்ணின் சிறு வீடு பிரித்தெடுக்கப்பட்டு வேறு தெருவில் நிறுத்தப்பட்டது.

பின் நடந்ததென்ன? வாக்களித்த மாளிகைகள் எழவில்லை. பைசர் கொம்பனியும் அந்நிலையத்தை விட்டு விலகுவதாக 2009இல் அறிவித்தது. வீடுகள் இருந்த நிலம் ஆண்டுக்கணக்கிற் புல் முளைத்துக் கிடந்தது. ஆயினும், மாநிலங்கள் இதனினும் கடுமையான கட்டுப்பாடு விதிக்கலாம் எனத் தீர்ப்பே கூறியிருந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர், 40க்கு மேற்பட்ட மாநிலங்கள் தம் சட்டங்களைத் திருத்தின. நீதிமன்றிலே தோற்றவர்கள் நாட்டிலே வென்றனர்!

நம் நாட்டின் நிலை என்ன? 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, பொதுத் தேவை என அமைச்சர் வெளிப்படுத்தினால் அதுவே முடிந்த சான்று. ஆனால் அதற்கு முன், எழுத்தில் ஆட்சேபிக்க 14 நாளுக்குக் குறையாத தவணையை 4ஆம் பிரிவு தருகிறது. அத்தேவை இன்னதென்று அறிவித்தலிற் கூறவேண்டும் என நமது உயர் நீதிமன்றம் 2000இல் உரைத்தது.

ஆகவே அறிவித்தல் வந்ததும், நட்ட ஈடு எவ்வளவு என்று முதலிற் கேளாதீர்கள். எதற்காக? யார் கட்டுவார்? பணம் எங்கே? கட்டாவிடிற் காணி யாருக்கு? இவற்றைக் கேளுங்கள். சட்டம் கற்றவர்களே, அந்த ஆட்சேபத்தைக் கமக்காரனுக்கு எழுதிக் கொடுப்பது உங்கள் கடன்.

அபிவிருத்தியை நாம் வெறுப்பவரல்லர். ஆனால் வீடு நிற்கும்போதே கேள்வியைக் கேட்கவேண்டும். இடித்த பின் கேட்டால் விடை சொல்ல அங்கே புல்தான் இருக்கும்.