தனிவாழ்வின் காப்பும் கைப்பேசியும்
(அரியமங்கலத்தில் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் கைப்பேசியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இதுவும் கல்வியே. முதியவரைப் பேணும் செவிலி, மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்பவர், மனநல ஆலோசகர், மின்பணியாளர் என எவரையும் இன்று கைப்பேசியிலேயே அழைக்கிறோம். நம் பிள்ளைகளும் இத்தகைய பணிகளுக்கு அவ்வாறே அழைக்கப்படுகின்றனர். அப்போது நம் பெயர், எண், முகவரி, நோய், வீட்டில் தனித்திருக்கும் நேரம் ஆகிய அத்தனையும் அயலார் கைக்குச் சென்றுவிடுகின்றன.

"மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்போர் உண்டு. "எந்த ஊர்?" என்று தொடங்கி "எந்தத் தெரு?" என்று முடியும் கேள்வியின் பொருளை நாம் அறியாதவர்களா? அது முகவரி கேட்பதன்று, சாதி கேட்பது. குப்பைக் கிடங்கோடு சேர்த்தே நம் ஊரின் பெயரைச் சொல்வோரும் இந்நகரில் உளர். தீண்டாமை காரணமாகப் பணிசெய்ய மறுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். எனினும், தெருவின் பெயர் கேட்டு வராமல் நின்றவர், "வேறு வேலை வந்துவிட்டது" என்று எளிதில் தப்பிவிடுவார்.

இவ்வுரிமையின் அருமையை முன்னரே உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கென எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் அறிக்கையில், மக்களின் உடல், இல்லம், ஆவணங்கள், உடைமைகள் ஆகியவை முறையற்ற சோதனைக்கு ஆளாகலாகாது என்று அவர் கோரினார். கடிதப் போக்குவரத்தின் மறைவைக் காக்கவேண்டும் என்று கே. எம். முன்ஷியும் கோரினார். அவை அரசியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, தனிவாழ்வு அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது 24-8-2017 அன்றுதான். எழுபதாண்டு காத்திருந்து பெற்ற உரிமையை நம் கவனக்குறைவால் இழக்கலாமா?

இனிச் செயன்முறைக்கு வருவோம். அஞ்சலட்டையை வழியிலுள்ளார் எவரும் படிக்கலாம். ஒட்டிய உறையைப் படிக்க இயலாது. சாதாரணக் குறுஞ்செய்தி அஞ்சலட்டை போன்றது. மறைகுறியாக்கம் செய்த செய்தி ஒட்டிய உறை போன்றது. அனுப்பியவரும் பெற்றவருமன்றி, இடையிலுள்ள நிறுவனமும் அதைப் படிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் இவ்வசதி உண்டு. சிக்னல் செயலியில், 2024 முதல் நம் எண்ணைக் காட்டாமல் பயனர்பெயர் கொண்டே உரையாடலாம். டெலிகிராமில் 'ரகசிய உரையாடல்' என்பதைத் தேர்ந்தால் மட்டுமே இக்காப்பு உண்டு. மற்ற உரையாடல்களுக்கு இல்லை.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். உறை வழியில் காக்குமேயன்றி, பெறுபவர் கையில் காக்காது. அவர் திரையைப் படமெடுத்துப் பிறர்க்கு அனுப்பலாம். வாட்ஸ்அப் உரையாடலின் காப்புநகல் இணையக் கிடங்கில் சேரும்போது அதற்கெனத் தனியே மறைகுறியாக்கத்தை இயக்கவேண்டும். 2021 முதல் அதற்கு வழியுண்டு.

ஆதலின் சில நெறிகளைக் கைக்கொள்ளுங்கள். கட்டணமும் நேரமும் உறுதியாகும்வரை தெருவையும் கதவெண்ணையும் கூறவேண்டா. அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தைச் சொன்னால் போதும். முகப்புப் படத்தை அறிந்தவர் மட்டுமே காணுமாறு அமையுங்கள். நோயைப் பற்றிய செய்திகளைப் பணி முடிந்ததும் அழித்துவிடுங்கள். அடையாளச் சான்று கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் படியைக் கொடுங்கள். ஒருமுறைக் கடவு எண்ணை எவர்க்கும் கூறாதீர்கள்.

அயலாரிடம் மறைப்பதும் நம்மவரிடம் மறைப்பதும் ஒன்றல்ல. பணிக்குச் செல்லும் நம் சகோதரி, எவர் வீட்டிற்குச் செல்கிறாள், எப்போது திரும்புவாள் என்பதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லிச் செல்லவேண்டும். பணிக்காகக் கொடுத்த எண்ணைக் கொண்டு, விருப்பமின்மையைத் தெரிவித்த பின்னும் ஒருவன் ஒரு பெண்ணைத் தொடர்ந்து தொல்லைப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். அத்தகைய செய்திகளை அழிக்காதீர்கள், அவையே சான்று. மகளிர் உதவிக்கு 181, இணையவழிப் பணமோசடிக்கு 1930 ஆகிய எண்களை ஒவ்வோர் இல்லத்திலும் எழுதிவையுங்கள்.

படித்த இளைஞர்களே! கைப்பேசியைத் திறக்கத் தெரிந்த நீங்கள், அதைப் பூட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தாய்மார்க்கும் கற்றுக்கொடுங்கள். கதவில்லாக் குடிசைகளில் வாழ்ந்தனர் நம் முன்னோர். எவரும் கேளாமல் உள்ளே நுழைந்தனர். இன்று நம் வீட்டிற்குக் கதவுண்டு. அதன் தாழ் நம் கையில் இருக்கட்டும்.