எத்தனை ‘ஏ’ என்று கேட்பதற்கு முன்...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பல்கலைக்கழகத்தில் சாதனை’ என்ற தலைப்பில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு முன் பேசிய இருவரும் பொறியாளர்கள். நானோ வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். ஒலிவாங்கியைப் பிடிக்கத் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே, நான் செய்த ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு என் உரையைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியான வாரம். சிறப்புத் தேர்ச்சி பெற்ற மாணவர்களை நிலையத்துக்கு அழைத்திருந்தோம். ஒவ்வொருவரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை ஏ?” என்பதுதான். ஒரு மாணவியின் தம்பி, அக்காவின் பையைச் சுமந்துகொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் ஒலிவாங்கி ஒன்று கரகரத்தது. எங்கள் பணியாளர் வேறு ஒலிவாங்கியை மாற்றிப் பார்த்தார். அப்போதும் அதே கரகரப்பு.

அந்தப் பையன் எழுந்து வந்தான். “அக்கா, மைக் நல்லாத்தான் இருக்கு. கம்பி பிளக்கோட சேர்ற இடத்துல விட்டுப்போயிருக்கு. அசைக்கும்போதுதான் சத்தம் வருது, பாருங்க” என்றான். அசைத்தும் காட்டினான். அவன் சொன்னதுதான் சரி. அவன் தோளைத் தட்டிக்கொடுத்து நான் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? “நீ எத்தனை ஏ தம்பி?”

அவன் முகம் வாடிவிட்டது. “நான் அடுத்த வருஷம்தான் எழுதுறேன் அக்கா. எனக்கெல்லாம் அவ்வளவு வராது” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நிகழ்ச்சி நன்றாகவே முடிந்தது. ஆனால், அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இதை ஒரு பெரியவரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் தோட்டப்புறத்தில் பிறந்து, லாரி ஓட்டி, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். “அம்மா, நமக்கு நிலம் இல்லை, கடை இல்லை. பிள்ளை வாங்குகிற ‘ஏ’ ஒன்றுதான் சொத்து. அதை எண்ணாமல் வேறு எதை எண்ணுவது?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக வாசல் மதிப்பெண் இல்லாமல் திறக்காது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு எதை எண்ணுவது? அதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

அதற்கு ஒரு பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் துறையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி. சென்னை குரோம்பேட்டையில் அப்துல் கலாம் படித்த எம்.ஐ.டி. வேறு, இது வேறு. இங்கே 1882ஆம் ஆண்டிலேயே மின்பொறியியல் பாடம் தொடங்கிவிட்டது. முதலில் இயற்பியல் துறைக்குள் இருந்தது. 1902இல் தனித் துறையானது.

இந்தத் துறையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. டிப்ளோமா படித்தபோது ‘ஷானன், வீவர்’ என்ற இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்தேன். தகவல் அனுப்புபவர், தகவல் செல்லும் வழி, இடையில் வரும் இரைச்சல், தகவல் பெறுபவர் என்று ஒரு படம் போட வேண்டும். போட்டேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த ஷானன் ஒரு மின்பொறியாளர் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கிளாட் ஷானன் 1936இல், இருபது வயதில், எம்.ஐ.டி.க்கு வந்தார். வான்னிவர் புஷ் என்ற பேராசிரியர் பெரியதொரு கணிப்புப் பொறியை உருவாக்கியிருந்தார். அதை இயக்க உதவுவதுதான் ஷானனின் வேலை. அதைக் கட்டுப்படுத்தும் பகுதியில் ஏராளமான ரிலே சுவிட்சுகள் இருந்தன. அந்தக் காலத்தில் இத்தகைய சுற்றுகளைப் பெரும்பாலும் அனுபவத்தையும் கைப்பழக்கத்தையும் வைத்துத்தான் அமைப்பார்கள்.

நம் வீட்டையே பாருங்கள். மெயின் சுவிட்சும் போட்டிருக்க வேண்டும், மின்விசிறி சுவிட்சும் போட வேண்டும். இரண்டும் இருந்தால்தான் விசிறி சுற்றும். இது ‘இதுவும் அதுவும்’. பேருந்தில் இறங்குவதற்கு மணி அடிக்கிறோம். முன்னால் உள்ள பொத்தானை அழுத்தினாலும் ஒலிக்கும், பின்னால் உள்ளதை அழுத்தினாலும் ஒலிக்கும். இது ‘இதுவோ அதுவோ’. ஜார்ஜ் பூல் என்பவர் செருப்புத் தைப்பவரின் மகன்; கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்றவர். மனிதன் சிந்திக்கும் முறையை இப்படிக் கணக்காக எழுத முடியும் என்று 1854இல் ஒரு நூல் வெளியிட்டார். ஷானன் அந்தக் கணக்கை முந்திய கல்லூரியில், தத்துவ வகுப்பில் படித்திருந்தார். பூலின் கணக்கும் சுவிட்சுகளும் ஒன்றுதான் என்பது அவருக்குப் புலப்பட்டது.

1937இல் முதுகலைப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு அதுதான். சுவிட்சுகளைக் கொண்டு கணக்குப் போடலாம், முடிவும் எடுக்கலாம் என்று எழுதிக் காட்டியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசிக்குள் கோடிக்கணக்கான சுவிட்சுகள் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன. பெற்றோர்களே, ஒரு நிமிடம் யோசியுங்கள். பொறியியல் படிக்கப் போகிற பிள்ளை தத்துவ வகுப்பில் போய் உட்கார்ந்தால் நாம் என்ன சொல்வோம்? “வேண்டாத வேலை, பாடத்தைப் பார்” என்போம், இல்லையா?

அடுத்த கதை ஆசிரியர்களுக்கு. ராபர்ட் ஃபானோ இத்தாலியில் பிறந்த யூதர். அங்கே யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தபின், 1939இல் அமெரிக்காவில் குடியேறி எம்.ஐ.டி.யில் படித்து, அங்கேயே மின்பொறியியல் ஆசிரியரானார். 1951இல் தம் மாணவர்களிடம், “இறுதித் தேர்வு எழுதலாம்; அல்லது ஒரு கட்டுரை கொடுக்கலாம்” என்றார். தகவலை மிகச் சுருக்கமாகக் குறியீடுகளாக்க மிகச் சிறந்த வழி எது என்பது கட்டுரைத் தலைப்புகளில் ஒன்று.

அதையும் வீட்டு உதாரணத்தோடு சொல்லிவிடுகிறேன். தினமும் பத்து முறை கூப்பிடும் பிள்ளைக்கு இரண்டெழுத்துச் செல்லப் பெயர் வைக்கிறோம். எப்போதோ ஒரு முறை வரும் விருந்தாளியை முழுப் பெயர் சொல்லி அழைக்கிறோம். அதேபோல், அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டிக் குறியீடும் அரிதாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியீடும் கொடுத்தால் தகவல் சுருங்கிவிடும். எந்த எழுத்துக்கு எவ்வளவு நீளம் என்பதில்தான் சிக்கல். ஷானனும் ஃபானோவும் இதற்கு வழி சொல்லியிருந்தார்கள். ஆனால், அது எல்லா நேரத்திலும் மிகச் சுருக்கமானதாக அமையவில்லை. அந்த உண்மையை ஃபானோ வகுப்பில் சொல்லவில்லை.

டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர், கடற்படையில் பணியாற்றிவிட்டுப் படிக்க வந்தவர். தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். மாதக்கணக்கில் போராடினார். வழி கிடைக்கவில்லை. சரி, தேர்வுக்கே படிப்போம் என்று எழுதிய தாள்களைக் குப்பையில் போடப் போன நேரத்தில் விடை தோன்றியது. ஆசிரியர்கள் மேலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார்கள். ஹஃப்மன் கீழிருந்து தொடங்கினார். மிகக் குறைவாக வரும் இரண்டு எழுத்துகளை முதலில் ஒன்றுசேர்த்தார். பிறகு அடுத்த இரண்டு. இப்படியே மேலே போனார். இதைவிடச் சுருக்கமாக எழுத்துக்கு எழுத்து குறியீடு தர முடியாது என்று நிரூபித்தார். 1952இல் அது ஆய்விதழில் வெளிவந்தது. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. நாம் புலனத்தில் அனுப்பும் ஜேபெக் படத்திலும், எம்பி3 பாட்டிலும், ஸிப் கோப்பிலும் ஹஃப்மனின் முறை இன்றும் வேலை செய்கிறது. பேராசிரியர்களே திணறிய சிக்கல் அது என்று முன்பே தெரிந்திருந்தால், தாம் முயன்றிருக்கவே மாட்டோமோ என்னவோ என்று பிற்காலத்தில் ஹஃப்மன் கூறியிருக்கிறார்.

இங்கே சாதனை யாருடையது? மாணவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால், தமக்கே விடை தெரியாத கேள்வியை மாணவர்கள் முன் வைத்தாரே, அந்த ஆசிரியரின் சாதனை சிறியதா? நம் வகுப்பறைகளில் விடைத்தாளில் உள்ள கேள்விதான் கேள்வி. “எனக்கும் தெரியாது, நீ கண்டுபிடித்துச் சொல்” என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அவர் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிறோம். ஃபானோவின் மதிப்பு குறையவில்லை. 2016இல், தொண்ணூற்றெட்டு வயதில் அவர் மறைந்தபோது, உலகம் அவரை அந்த மாணவரோடு சேர்த்தே நினைவுகூர்ந்தது. ஷானனும் 1956இல் அதே கழகத்துக்குப் பேராசிரியராகத் திரும்பி வந்தார். அவர் வழிகாட்டலில் ஐவன் சதர்லாண்ட் என்ற மாணவர் கணினித் திரையில் பேனாவால் படம் வரையும் முறையை 1963இல் முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். தொலைக்காட்சியில் நாங்கள் காட்டும் கணினி வரைகலைக்கு அது ஒரு தொடக்கம்.

மாணவிகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஈடித் கிளார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் தாய் தந்தையை இழந்தவர். பெற்றோர் விட்டுச்சென்ற பணத்தை நகைக்கும் சீருக்கும் வைக்காமல் படிப்புக்குச் செலவிட்டார். எம்.ஐ.டி. மின்பொறியியல் துறையில் 1919இல் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். பட்டம் கையில் இருந்தும் பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. கணக்குப் போடும் பெண்களுக்கு மேற்பார்வையாளர் வேலைதான் கிடைத்தது. நீண்ட தூர மின்கம்பிகளின் கணக்கைச் சுலபமாக்கும் கருவி ஒன்றை அவரே வடிவமைத்தார். அதன் பிறகும் மாற்றம் வராததால், வேலையை விட்டுத் துருக்கிக்குப் போய் இயற்பியல் கற்பித்தார். 1922இல் திரும்பி வந்தபோதுதான் அதே நிறுவனம் அவரைப் பொறியாளராக ஏற்றுக்கொண்டது. 1947இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அமெரிக்காவில் மின்பொறியியல் பேராசிரியரான முதல் பெண் அவர். பட்டம் பெற்று இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு! பட்டமளிப்பு நாளில் நான் அவரைப் பேட்டி கண்டிருந்தால், இதில் எதுவும் என் கேள்விக்குள் வந்திருக்காது.

கடைசியாக, நம்மைப் போன்ற ஒரு குடும்பத்துப் பிள்ளை. நோனி கோபால் போஸ் வங்காளத்து விடுதலைப் போராட்டக்காரர். ஆங்கிலேயரிடமிருந்து தப்பி 1920இல் அமெரிக்கா போனார். அவர் மகன் அமர் போஸ். இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் நின்று தந்தையின் இறக்குமதி வியாபாரம் படுத்தபோது, பதின்மூன்று வயது மகன் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துக் குடும்பத்துக்கு உதவினான். பிறகு எம்.ஐ.டி.யில் படித்தார், 1956 முதல் 2001 வரை அங்கேயே கற்பித்தார். ஆசையாக வாங்கிய ஒலிபெருக்கியில் நேரில் கேட்கும் இசையின் இனிமை இல்லையே என்று அவர் பட்ட ஏமாற்றம்தான் ஆராய்ச்சியாகி, 1964இல் ‘போஸ்’ நிறுவனமாயிற்று. 2011இல் தம் நிறுவனப் பங்குகளில் பெரும்பகுதியைத் தாம் படித்த கழகத்துக்கே கொடுத்துவிட்டார். வாக்குரிமை இல்லாத பங்குகள், விற்க முடியாது, வரும் ஈவுத்தொகை கல்விக்கும் ஆய்வுக்கும். 2013இல் அவர் மறைந்தார்.

நேயர்களே, இவர்கள் எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள். அந்த லாரி ஓட்டுநர் ஐயா சொன்னதை நான் மறுக்கவில்லை. வாசலைத் திறக்க மதிப்பெண் வேண்டும். ஆனால், இவர்களில் ஒருவரைக்கூட உலகம் மதிப்பெண்ணுக்காக நினைவில் வைத்திருக்கவில்லை. ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டதற்காகவே நினைவில் வைத்திருக்கிறது. சில நேரம் அந்தக் கேள்வி பழுதான வானொலியிலிருந்து வருகிறது. சில நேரம் கரகரக்கும் ஒலிவாங்கியிலிருந்தும் வரலாம்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை எதையாவது கழற்றிப் போட்டால், மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறானா என்று முதலில் பாருங்கள். பிறகு, என்ன கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்களுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்றை வகுப்பில் வையுங்கள். எனக்கும் ஒரு கட்டளை போட்டுக்கொண்டேன். என் நிகழ்ச்சிக்கு வரும் மாணவரிடம் இனி நான் கேட்கும் முதல் கேள்வி, “உன் பெயர் என்ன? இப்போது எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாய்?” என்பதுதான். ‘ஏ’க்களை அதன் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

அந்தத் தம்பி இந்நேரம் எங்கேயோ வேலை செய்துகொண்டிருப்பான், அல்லது படித்துக்கொண்டிருப்பான். இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, அன்றைக்கு நிகழ்ச்சி நல்லபடியாக நடந்ததற்கு நீயும் ஒரு காரணம். அதைச் சொல்லாமல் விட்டதற்கு இந்த அக்காவை மன்னித்துக்கொள். நிலையத்துக்கு ஒரு முறை வா. இந்த முறை உன் பெயரைக் கேட்கிறேன்.