பரிசுப் பொதியும் பழைய தாளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே இலக்கியத் தலைப்பு ஒன்றில் பேசுமாறு செயலாளர் நம்மைக் கேட்டுக் கொண்டார். பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இருபதாண்டுகளுக்கு மேலாகப் பார்சல் மேசையின் முன் அமர்ந்திருக்கிறோம். இலக்கியம் பேசப் புலவர் பெருமக்கள் உளர். பொதி கட்டுவதைப் பற்றிப் பேச இக்காலனியில் நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை என்னும் துணிவினால் இத்தலைப்பை எடுத்துக் கொண்டோம். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. குழந்தைகள் பரிசுப் பொருள்களை ஜிகினாத் தாளில் சுற்றும் முயற்சியில், வீட்டிலுள்ள செல்லோ டேப் சுருள்களையெல்லாம் தீர்த்துக் கொண்டிருக்கும் வேளை இது. ஆகவே தலைப்பு காலத்துக்கும் ஏற்றதே.

கொல்லங்கோட்டில் வாழும் நமக்குக் கிறிஸ்துமஸ் அயலார் பண்டிகை அன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் பாலக்காட்டுச் சுல்தான்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு தனி மறைமாவட்டமே அமைந்தது. நம் காலனியிலோ, வாசலில் தொங்கும் நட்சத்திரத்தைக் கொண்டு அவ்வீட்டார் எம்மதத்தார் என்று சொல்ல இயலாது. குழந்தை அழுதால் எந்த வீட்டிலும் நட்சத்திரம் ஏறிவிடும்.

கேரளத்துப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் ‘கிறிஸ்துமஸ் நண்பர்’ என்றொரு வழக்கம் உண்டு. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். யார் சீட்டு யாருக்கு வந்ததோ, அவர் அதனை மறைத்து வைத்து, குறித்த நாளில் அந்நண்பருக்கு ஒரு பரிசு தருவார். நம் சங்கத்துக் குழந்தைகளும் சில ஆண்டுகளாக இவ்வாறு செய்து வருகிறார்கள். பரிசு நூறு ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்று செயற்குழு விதித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றை ஈண்டுச் சொல்ல வேண்டும். குழந்தையின் பெயரைச் சொல்ல மாட்டோம். தாயாரின் இசைவு பெற்றே சொல்கிறோம். மேசை மீதிருந்த பொதிகளெல்லாம் பொன்னிறத்திலும் வெள்ளி நிறத்திலும் மின்னின. தாளும் ரிப்பனும் சேர்ந்து நாற்பது ஐம்பது ரூபாய் ஆகியிருக்கும். சிலவற்றில் உள்ளிருந்த பொருளைவிட மேலுறையே விலை மிக்கது. அவற்றினிடையே மாதக் காலண்டரின் பழைய தாளில் சுற்றி, வாழை நாரால் கட்டிய பொதி ஒன்று இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். ‘மளிகைக்கடைப் பார்சல்’ என்று ஒருவன் சொல்ல, மற்றவர்களும் அதையே சொன்னார்கள். உள்ளே இருந்தது நல்ல தமிழ்க் கதைப் புத்தகம். அதைப் பெற்ற பையன் இரண்டு முறை படித்துவிட்டான் என்பது பின்னர் தெரிந்தது. ஆனால் இவ்வாண்டு சீட்டுக் குலுக்கப் பெயர் கேட்கச் சென்றபோது, அக்குழந்தையின் பெயரை எழுத வேண்டாம் என்று தாயார் சொல்லிவிட்டார். இதுவே நாம் இத்தலைப்பை எடுத்ததற்கு உண்மையான காரணம்.

நிற்க. தமிழர் கொடை வழக்கத்தில் மறைத்துக் கொடுப்பது குறைவு. திருமணத்தில் சீர்வரிசை திறந்த தட்டுகளில் தெருவெல்லாம் காண வருகிறது. மொய்யோ, பெயரும் ஊரும் தொகையும் நோட்டில் ஏறுகிறது. சில ஊர்களில் ஒலிபெருக்கியிலும் ஏறுகிறது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது ஊரறிந்த செய்தி. இதற்கு நேர்மாறாக, பொருளைத் தாளுக்குள் மறைத்து, கொடுத்தவர் முன்னிலையில் பிரிக்காமல் வாங்கி வைத்துக் கொள்வதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஐந்து ரூபாய்ப் பேனாவும் ஐந்நூறு ரூபாய்ப் பேனாவும் பொதிக்குள் ஒன்றுபோலவே இருக்கும். இல்லாதவன் தலைநிமிர்ந்து கொடுக்கலாம். மூடி வைப்பதன் பயனே இதுதான் என்பது நம் கருத்து. அந்த மூடியே விலை பேசத் தொடங்கினால், பழையபடி திறந்த தட்டுக்கே போய்விடலாம்; செலவாவது மிஞ்சும்.

இந்த வண்ணத் தாள் வழக்கம் அவ்வளவு பழையதுமன்று. அமெரிக்காவின் கான்சஸ் நகரில் ஹால் என்னும் சகோதரர்கள் அட்டைக் கடை வைத்திருந்தனர். பரிசு சுற்ற மெல்லிய வெள்ளை, சிவப்பு, பச்சைத் தாள்களை விற்று வந்தார்கள். 1917-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வேளையில் அத்தாள் தீர்ந்து போயிற்று. கையிருப்பில் இருந்ததோ, கடித உறையின் உட்புறம் ஒட்டுவதற்காகப் பிரான்சிலிருந்து வந்த சித்திரத் தாள். வேறு வழியின்றி அதனை எடுத்து வைத்தார்கள். அதுவும் விற்றுத் தீர்ந்தது. ஹால்மார்க் நிறுவனத்தின் பரிசுத் தாள் வணிகம் இப்படித்தான் பிறந்தது. ஒட்டும் நாடா அதற்கும் பின்னர் வந்தது. ரிச்சர்ட் டுரூ என்பவர் 1930-இல் அதனை உருவாக்கினார். அதற்கு முன்பெல்லாம் நூலும் அரக்குமே துணை.

நம் நாட்டில் நூலே போதுமானதாக இருந்தது. பழைய மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவரை நம்மில் மூத்தோர் கண்டிருப்பீர்கள். விட்டத்திலிருந்து நூற்கண்டு தொங்கும். செய்தித்தாளின் ஓரங்களை உள்ளே மடக்கி, நூலைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, முடிவில் விரலில் ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுப்பார், நூல் அறுந்துவிடும். கத்தியும் இல்லை, பசையும் இல்லை. அரைக் கிலோ துவரம்பருப்பு ஊர் போய்ச் சேரும். கருப்பட்டிக்குப் பனையோலைப் பெட்டி, செட்டிநாட்டில் பலகாரத்துக்கு ஓலைக் கொட்டான், பூவுக்கு இலையும் வாழை நாரும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உறை இருந்தது. பனைமரம் நிறைந்த பாலக்காட்டில் வாழ்ந்துகொண்டு, ஓலை எங்கே கிடைக்கும் என்று கேட்கிற நிலைக்கு நாம் வந்திருக்கிறோம்.

இனித் தொழில்முறைக்கு வருவோம். பார்சல் மேசையில் கற்றதையும் வீட்டில் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறோம். பொதி கட்ட அமரும் முன் சன்னலைச் சாத்திவிடுங்கள். டிசம்பர் பிறந்ததும் கணவாய் வழியே கிழக்குக் காற்று இறங்கிவிடும் என்பதை இவ்வூர்க்காரர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. திண்ணையில் தாளை விரித்தால் அது அடுத்த வீட்டுத் தென்னையில் போய் அமரும்.

அளவே முதல் வேலை. பெட்டியின் இடுப்பில் ஒரு நூலைச் சுற்றி, அதற்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு, அந்நீளத்துக்குத் தாளை வெட்டுக. இரு முனைகளிலும் பெட்டியின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் தாள் நீண்டிருந்தால் போதும. அதிகமாக விட்டால் நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். அந்த அதிகத் தாளே முனையில் மூட்டையாகத் திரண்டு, எத்தனை டேப் ஒட்டினாலும் அடங்காமல் நிற்கும். பெட்டியைக் கவிழ்த்து வைத்துச் சுற்றுக. இணைப்பு அடிப்பக்கம் போய்விடும். விலைச் சீட்டை முன்பே உரித்துவிடுக.

தாள் சற்றுக் குறைந்தால் புதுத் தாளுக்கு ஓட வேண்டாம். தட்டையான பெட்டியாயின் தாளின் மேல் கோணலாக வைத்து, நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடக்குக. நேராக வைத்தபோது எட்டாத தாள் இப்போது எட்டுவதைக் காணலாம். ஜப்பானியக் கடைகளில் பெட்டியைக் கோணலாக வைத்து உருட்டிச் சுற்றும் வேகத்தைத் திரைப்படங்களில் பார்த்து நாம் வியந்ததுண்டு.

பந்து, சொம்பு போன்ற உருண்டைப் பொருள்களைத் தாளில் சுற்ற முயல்வது வீண் வேலை. அவற்றைத் துணியில் வைத்து முடிச்சிடுவதே அழகு. ஜப்பானியர் இதற்கென்றே ‘ஃபுரோஷிகி’ என்னும் சதுரத் துணி வைத்திருக்கிறார்கள். 2006-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே அம்மையார், தாளும் பையும் வீணாவதைக் குறைக்க இத்துணியை மீண்டும் கையாளுமாறு மக்களைத் தூண்டினார். தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதும் இவ்வகையைச் சேர்ந்ததே. உங்கள் வீட்டில் ரவிக்கைத் துணிகள் எத்தனை மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடக்கின்றன என்பதைத் தாய்மார்களே அறிவார்கள்! அவற்றுள் ஒன்றில் பரிசைச் சுற்றிக் கொடுத்தால் உறையும் பரிசாகிவிடும்.

உடையும் பொருள்களில் கவனம் வேண்டும். கண்ணாடி வளையல்களை நூலில் கோத்து இறுகக் கட்டி, நடுவே சுருட்டிய தாளைச் செருகுக. தம்ளர்களைத் தனித்தனியே சுற்றுக. முதலமடைத் தோட்டத்து மாங்கனிகள் வைக்கோல் மெத்தையில் படுத்துக்கொண்டுதான் வெளியூர் போகின்றன; பீங்கானுக்கும் அதுவே விதி. கட்டி முடித்தபின் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஓசை கேட்டால் பொதி இன்னும் முடியவில்லை. வெளியூருக்கு அனுப்புவதாயின் பழைய அட்டைப்பெட்டியின் மேலுள்ள முன்னைய முகவரிகளை முற்றும் அழித்துவிட்டு, பெறுநர் பெயரும் ஊரும் எழுதிய சீட்டு ஒன்றை உள்ளேயும் வைக்க வேண்டும். மேற்சீட்டுக் கிழிந்து போனால் அப்பொதி யாருடையது என்று ரயில் சொல்லாது. கேட்பாரற்ற பொதிகள் சிலகாலம் காத்திருந்து பின் ஏலத்துக்குப் போகின்றன. பேத்திக்குப் பாட்டி அனுப்பிய பாவாடையை முன்பின் அறியாதவர் ஏலத்தில் எடுப்பதைக் காண நமக்கே மனம் பொறுப்பதில்லை.

1932-இல் திறந்த பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதையாக்கும் பொருட்டு 2008-இல் மூடப்பெற்று, 2015-இல்தான் மீண்டும் திறந்தது. அந்த ஏழாண்டுகளும் நம்மூர்ச் சிப்பங்கள் சாலை வழியே குலுங்கிக் குலுங்கிப் போயின. கோணியூசியும் சணலும் கொண்டு தைத்தவர்களின் பொருள் மட்டுமே முழுதாய்ப் போயிற்று என்று முதியோர் இன்றும் சொல்வர்.

அழகாகச் சுற்றினால்தான் பெறுவோர் மகிழ்வர் என்று கூறுவோர்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் நெவாடாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஜெசிகா ரிக்சமும் அவர் துணைவரும் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே வகைக் குவளைகளைச் சிலர்க்குச் செம்மையாகவும் சிலர்க்குத் தாறுமாறாகவும் சுற்றிக் கொடுத்தார்கள். செம்மையான பொதியைப் பெற்றவர் உள்ளே ஏதோ பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்து, பின் ஏமாந்தனர். தாறுமாறாகச் சுற்றியதைப் பெற்றவர் குறைவாகவே எதிர்பார்த்ததனால் பொருளை அதிகம் விரும்பினர். நெருங்கிய நண்பர்க்கிடையே இப்படி; அதிகம் பழகாதவர்க்கிடையே மட்டும் செம்மையான பொதி நன்மை செய்கிறதாம், மதிப்பின் அடையாளமாகக் கொள்ளப்படுவதால். ஆகவே மேலதிகாரிக்குக் கொடுப்பதை நன்றாகச் சுற்றுங்கள். மைத்துனருக்கு எப்படிச் சுற்றினாலும் சரியே.

ஜிகினாத் தாளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதனைக் கையில் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடந்தால் அது காகிதம். மெல்ல விரிந்து எழுந்தால் அது பிளாஸ்டிக். விரிந்து எழுவதைப் பழைய பேப்பர்க்காரர் வாங்க மாட்டார். அது ஹரித கர்ம சேனைச் சகோதரிகளின் சாக்குக்குத்தான் போகிறது. நம் வீட்டுப் பெண்மணிகளுள்ளும் சிலர் அச்சேனையில் பணிபுரிகின்றனர். புத்தாண்டு கழிந்த வாரத்தில் சாக்கின் கனத்தை அவர்களைக் கேட்டால் தெரியும். கேரளத்தில் 2020 ஜனவரி முதலே ஒருமுறை எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த தடைப் பட்டியலிலே இனிப்புப் பெட்டிகளின் மேலும் அழைப்பிதழ்களின் மேலும் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் அடங்கும்.

இதனால் செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். இவ்வாண்டு கிறிஸ்துமஸ் நண்பர் பரிசுகள் யாவும், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தாளிலோ துணியிலோ ஓலையிலோ மட்டுமே சுற்றப்பெறுக. கடையில் உறை வாங்குதல் கூடாது. தலைவர் வீட்டுப் பொதிக்கும் கடைநிலை ஊழியர் வீட்டுப் பொதிக்கும் இதுவே விதி. மாதக் காலண்டர்த் தாளைப் போலக் கனமும் வழவழப்பும் கொண்ட தாள் கடையிலும் எளிதில் கிடையாது. பின்புறம் வெண்மையாக இருப்பதால் பிள்ளைகள் விரும்பிய சித்திரம் தீட்டலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முதலில் முணுமுணுப்பார்கள். சித்திரம் தீட்டத் தொடங்கியபின் அந்த முணுமுணுப்பு இராது.

நேற்று மாலை அந்தத் தாயாரிடமும் இக்கருத்தைச் சொன்னோம். “கமிட்டியிலே முடிவாகட்டும் அண்ணா, அப்புறம் பேரை எழுதிக்கலாம்” என்றார். சீட்டுக் குலுக்கல் வரும் ஞாயிற்றுக்கிழமை. முடிவை அதற்கு முன்பே அறிவிக்குமாறு தலைவர் அவர்களை வேண்டுகிறோம்.

மேடையின் வலப்புறத்து மேசையில் பழைய காலண்டர்த் தாள்களும், நனைத்து வைத்த வாழை நாரும், நூற்கண்டும், ஐந்தாறு காலிப் பெட்டிகளும் வைத்திருக்கிறோம். விருந்துக்கு இலை போடும் வரை நேரம் இருக்கிறது. மாணவச் செல்வங்கள் வரிசையாக வந்தால், நூலைக் கத்தியின்றி அறுக்கும் வித்தையிலிருந்து தொடங்கலாம். கத்தரிக்கோல் இரண்டே உள்ளன, சண்டையிடாமல் வருக.