ஹூடி போட்ட பசங்க: ஒரே குடியிருப்பு, ரெண்டு படம்

இன்னைக்கு பிரிட்டிஷ் சினிமா பேசுவோம். குறிப்பா, அதுல தலையை மூடி ஹூடி போட்டுட்டு வர்ற பசங்களைப் பத்தி.

இளைஞர்களைப் பார்த்துப் பயப்படுறது அந்த சினிமாவுக்குப் புதுசு இல்லை. 1950-ல வந்த 'தி ப்ளூ லாம்ப்' படத்துலயே ஊருக்குப் பிடிச்ச போலீஸ்காரரைச் சுடுறது ஒரு இளைஞன்தான். 2005-ல அந்தப் பயத்துக்கு யூனிஃபார்மே கிடைச்சுது. கென்ட்ல இருக்கிற ப்ளூவாட்டர் ஷாப்பிங் சென்டர், முகத்தை மறைக்கிற ஹூடிக்கும் தொப்பிக்கும் தடை போட்டுச்சு. அப்புறம் 2008-ல 'ஈடன் லேக்', 2009-ல 'ஹாரி பிரவுன்'. இந்த வகைக்கு 'ஹூடி ஹாரர்'னு பேரே வந்துடுச்சு.

ஹாரி பிரவுன்ல மைக்கேல் கெய்ன் ஓய்வுபெற்ற மரீன் வீரர். நண்பனைப் பசங்க கொன்னுடறாங்க, இவர் துப்பாக்கி எடுக்கிறார். கெய்ன் பிரமாதம், அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா கேமரா எங்கே நிக்குதுன்னு கவனிங்க. அவர் ஜன்னல்லேர்ந்து கீழே பார்க்குது. அங்கேர்ந்து பார்த்தா சுரங்கப்பாதை வாசல்ல நிக்கிறவங்க வெறும் உருவங்கள்தான். அவங்க ஏன் அப்படி ஆனாங்கன்னு படம் பெருசா கவலைப்படலை.

2011-ல வந்த ஜோ கார்னிஷோட 'அட்டாக் தி பிளாக்'கும் அதே இடத்துல சில காட்சிகள் எடுத்தது. தென் லண்டன் ஹேகேட் குடியிருப்பு. முதல் காட்சியில முகத்தை மூடின பசங்க, கத்தியைக் காட்டி ஒரு நர்ஸ்கிட்ட வழிப்பறி பண்றாங்க. பயம் பொய்யின்னு படம் சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் கேமரா அந்தப் பசங்களோட ஓட ஆரம்பிச்சிடுது. (வேற்றுகிரகவாசிகளும் வர்றாங்க, அது தனிக் கதை!) கடைசியில நர்ஸ், கும்பல் தலைவன் மோசஸோட ரூமுக்குள்ள போறா. படுக்கையில ஸ்பைடர்மேன் போர்வை. வயசு கேட்டா, பதினஞ்சாம். பார்த்தா பெரியவனா தெரியுதேன்னு அவ சொல்றதை, அவன் பாராட்டா எடுத்துக்கிறான்.

எங்க வேலையில 'ஃபால்ஸ் பாசிட்டிவ்'னு ஒண்ணு உண்டு. இல்லாத ஆபத்துக்கு அடிக்கிற அலாரம். இது அதுகூட இல்லை. அவன் கத்தி காட்டினதும் நிஜம், அவன் குழந்தைங்கிறதும் நிஜம். ஹூடி ஹாரர் படங்கள் முதல் பாதியோட நிறுத்திடுது.

அதே ஆகஸ்ட்ல லண்டன் கலவரம். டிவியில மறுபடி ஹெலிகாப்டர் ஷாட், முகமில்லாத உருவங்கள்.

ஹேகேட் ஏன் திரையில அவ்வளவு வெறிச்சோடி, பயமா இருக்குன்னா, இடிக்கிறதுக்காக அங்கே குடியிருந்தவங்களைக் காலி பண்ண வச்சிட்டிருந்தாங்க. 2014-ல மொத்தமும் போயிடுச்சு. அதைக் காலி பண்ணினது ஹூடி பசங்க இல்லை, கவுன்சில்.

ரெண்டு படத்தையும் பாருங்க, ஹாரி பிரவுன் முதல்ல. ரெண்டாவதுக்கு சப்டைட்டில் போட்டுக்கோங்க, அந்த ஸ்லாங் எனக்கே பாதி புரியலை. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.