கடிய செய்தியைக் கனிவுடன் உரைத்தல்



நோயாளர் ஒருவர் வைத்தியரின் அறைக்குள் நுழைகின்றார். சில நாள்களுக்கு முன் அவருடைய உடலிலிருந்து எடுத்த இழையத் துணுக்கின் பரிசோதனை அறிக்கை வைத்தியரின் மேசைமீது கிடக்கின்றது. அது புற்றுநோய் என்பதை வைத்தியர் அறிவார்; நோயாளர் அறியார். அடுத்து வரும் பத்து நிமிடங்களில் அவ்வறையில் எழும் சொற்களை அவரும் அவர்தம் மனைவி மக்களும் நெடுங்காலம் மறவார்.

சத்திரசிகிச்சைக் கத்தியைப் பிடிப்பதற்கு ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையிற் பல ஆண்டுகள் பயிலவேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. இத்தகைய சொல்லைச் சொல்வதற்கும் பயிற்சி வேண்டும் என்னும் எண்ணமோ மருத்துவ உலகில் மிக அண்மையிலேயே வேரூன்றியது. அவ்வெண்ணம் பிறந்த வரலாற்றையும், அப்பயிற்சியின் தன்மையையும், அதனால் விளைந்த பயனையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பண்டைக் கிரேக்க வைத்தியரான இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று, நோயாளரின் இன்றைய நிலையையும் இனி வரக்கூடியதையும் அவரிடமிருந்து மறைக்குமாறு வைத்தியருக்கு அறிவுரை கூறுகின்றது. 1847 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கம் வகுத்த ஒழுக்கக்கோவையும், மனத்தைச் சோரச்செய்யும் முன்னறிவிப்புகளை உரைப்பதில் வைத்தியர் முந்திக்கொள்ளலாகாது என்றது. இக்கொள்கை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலைத்தது. 1961 இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகச் சிக்காகோ நகர வைத்தியசாலை ஒன்றில் 219 வைத்தியர்களை வினாவியபோது, அவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர், புற்றுநோய் என்பதை நோயாளருக்குச் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979 இல் நியூயோர்க் மாநிலத்திலிருந்து அத்தகைய ஆய்வொன்று மீண்டும் வெளிவந்தது. அப்பொழுது நூற்றுக்கு 97 பேர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளுள் ஒரு தொழிலின் ஒழுக்கமே தலைகீழாக மாறியது.

மாற்றத்திற்குக் காரணங்கள் பல. புதிய சிகிச்சைகள் பெருகின. சிகிச்சைக்கு நோயாளரின் சம்மதம் வேண்டும், அச்சம்மதமும் உண்மையை அறிந்து அளித்ததாக இருத்தல் வேண்டும் என்னும் சட்டக் கருத்து வலுப்பெற்றது. 1965 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் உளமருத்துவரான எலிசபெத் கூப்ளர் றொஸ் அம்மையார், மரணத்தை நெருங்கிய நோயாளரையே ஆசான்களாகக் கொண்டு மாணவருக்குக் கருத்தரங்குகள் நடத்தத் தொடங்கினார். அத்தகைய நோயாளர் தம் விடுதியில் எவருமில்லை என்றே பல வைத்தியர்கள் அவருக்கு விடையளித்தனர். நோயாளரோ தம்முடன் பேச ஒருவர் வருவாரா எனக் காத்திருந்தனர். 1967 இல் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் இலண்டன் மாநகரில் நிறுவிய சென். கிறிஸ்தோபர் இல்லமும், குணப்படுத்த இயலாத நோயிலும் வைத்தியர் செய்யவேண்டிய கடமை மிகுதியாக உண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியது.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. மறைக்கும் வழக்கம் ஒழிந்ததேயன்றி, உரைக்கும் கலை அதனிடத்தில் தானாக வந்து அமர்ந்துவிடவில்லை. வைத்தியர் உண்மையை உரைத்தார்; அதனை எவ்வாறு உரைப்பது என்பதை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. நோயாளர் தம் குறையைச் சொல்லத் தொடங்கியபின், வைத்தியர் இடைமறிப்பதற்குச் சராசரியாக 18 விநாடிகளே சென்றன என்று 1984 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. சாதாரண நோயைப் பற்றிய பேச்சிலேயே இந்நிலையாயின், கொடிய நோயைப் பற்றிய பேச்சு எவ்வாறு அமையும்?

இக்குறையைத் தீர்க்க முயன்றோருள் முதன்மையானவர் றொபேட் பக்மன் என்னும் புற்றுநோய் வைத்தியர். இலண்டனிற் பிறந்து கனடாவின் ரொறன்ரோ நகரிற் பணியாற்றிய அவர், இளம் வயதிலேயே கொடிய நோயொன்றினால் வருந்தி, கட்டிலிற் கிடப்பவரின் நிலையைத் தாமே அனுபவித்தவர். கடிய செய்தியை உரைக்கும் முறைபற்றி அவர் எழுதிய நூல் 1992 இல் வெளிவந்தது. பின்னர் 2000 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரைச் சேர்ந்த வோல்ரர் பெயில் முதலியோருடன் சேர்ந்து அம்முறையை ஆறு படிகளாக வகுத்தார்.

முதற்படி இடத்தை அமைத்தல். பிறர் நடமாடும் நடைவழியில் நின்றுகொண்டு பேசாது, தனியறையில், நோயாளருக்கு எதிரே அமர்ந்து பேசவேண்டும். அவர் விரும்பும் உறவினர் உடனிருக்க வேண்டும். இரண்டாவது, நோயாளர் தம் நோயைப் பற்றி ஏற்கெனவே என்ன விளங்கிக்கொண்டுள்ளார் என்று கேட்டறிதல். மூன்றாவது, அவர் எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்று கேட்டல். நான்காவது படியிலேதான் வைத்தியர் செய்தியை வெளியிடுகின்றார். அதுவும், நல்ல செய்தியன்று என முன்னுணர்த்தி, எளிய சொல்லில், சிறிது சிறிதாக. ஐந்தாவது, எழும் துயரத்தையோ சினத்தையோ எதிர்கொண்டு ஆறுதலாக நிற்றல். ஆறாவது, இனிச் செய்யவேண்டியதைச் சேர்ந்து திட்டமிடல்.

இவ்வாறு படிகளுள் முதல் மூன்றிலும் வைத்தியர் நோயைப் பற்றிய செய்தி எதனையும் வெளியிடவில்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பர். அவர் இடத்தை ஆயத்தம் செய்கின்றார், கேட்கின்றார், மீண்டும் கேட்கின்றார். சொல்லுமுன் கேள் என்பதே இம்முறையின் உயிர்நாடி.

படிகளை மனனஞ் செய்வது எளிது, கைக்கொள்வது அரிது. ஆதலால் நடிகரின் உதவி நாடப்பட்டது. கலிபோர்னியாவில் ஹவாட் பறோஸ் என்னும் நரம்பியல் வைத்தியர், நோயாளராக நடிப்பவரைக் கொண்டு மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கும் முறையை 1963 அளவில் தொடக்கிவைத்தார். அம்முறை கடிய செய்தியை உரைக்கும் பயிற்சிக்கும் பயன்படலாயிற்று. புற்றுநோய்த்துறையிற் பயிலும் இளம் வைத்தியருக்காக அமெரிக்காவில் நான்கு நாட் பயிற்சி முகாம்கள் 2002 முதல் நடைபெற்றன.

அத்தகைய வகுப்பின் போக்கை ஒருவாறு மனக்கண்முன் கொண்டுவரலாம். ஒருவர் நோயாளராக நடிக்கின்றார். பயிலும் வைத்தியர் செய்தியைச் சொல்கின்றார். நடிப்பவரின் கண்கள் கலங்குகின்றன. உடனே இளம் வைத்தியர் பதற்றமடைந்து, மருந்துகளின் பெயர்களையும் பலன்தரும் விகிதங்களையும் அடுக்குகின்றார். ஆசிரியர் கையை உயர்த்திப் பேச்சை நிறுத்துகின்றார். அவர் கண்டிப்பதில்லை, இப்பொழுது நோயாளரின் முகத்தில் என்ன கண்டீர் என்று மட்டும் கேட்கின்றார். துயரத்தைக் கண்டேன் என்கின்றார் மாணவர். அத்துயரத்திற்கு விடையாக எண்களை அளித்ததை அவரே உணர்கின்றார். பேச்சு விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகின்றது. இம்முறை அவர் சிறிது நேரம் மௌனமாக இருக்கின்றார். பின்னர், இச்செய்தி நீங்கள் எதிர்பாராதது என்பது தெரிகின்றது என்று மெல்லக் கூறுகின்றார். நடிப்பவர் தலைநிமிர்ந்து, தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றார். உயிருள்ள நோயாளர்மீது இழைக்கக்கூடிய பிழையை நடிகர் முன்னிலையில் இழைத்துத் திருத்திக்கொள்வதே இவ்வகுப்பின் பெரும்பயன்.

இப்பயிற்சியினால் உண்மையிற் பயன் உண்டா என்னும் வினா எழுவது இயல்பு. மேற்கூறிய முகாம்களிற் பங்குபற்றிய 115 இளம் வைத்தியர்களின் பேச்சுகளைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பதிவுசெய்து ஒப்பிட்டபோது, அவர்களின் திறன் தெளிவாக வளர்ந்திருந்தது. எனினும், 2013 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு வேறொரு பாடத்தைப் புகட்டிற்று. அதில் பயிற்சிபெற்ற வைத்தியரையும் தாதியரையும் பற்றி நோயாளர் அளித்த மதிப்பீடு உயரவில்லை. அந்நோயாளரின் மனச்சோர்வும் சிறிதளவு கூடியிருந்தது. வகுப்பறைத் திறன் நோயாளரின் கட்டிலருகே தானாகவே சென்று சேர்ந்துவிடாது என்பதை இது காட்டுகின்றது.

இந்த இடைவெளியைக் குறைப்பதற்குப் பொஸ்ரன் நகரில் அற்றுல் கவாண்டே, சூசன் புளொக் முதலியோர் மற்றொரு வழியைக் கண்டனர். பயிற்சியோடு, கட்டிலருகே கையில் வைத்துக்கொள்ளத்தக்க வினாக் குறிப்பொன்றையும், பேச்சு நிகழவேண்டிய காலத்தை வைத்தியருக்கு நினைவூட்டும் ஒழுங்கையும் அவர்கள் அமைத்தனர். நோய் முற்றினால் உங்களுக்கு முக்கியமானவை எவை, நீங்கள் மிக அஞ்சுவது எது, எத்தகைய ஆற்றலை இழந்தால் வாழ்வைக் கற்பனை செய்யவும் இயலாது, மேலும் சிறிது காலம் வாழ்வதற்காக எவ்வளவு துன்பத்தைத் தாங்க விரும்புவீர்கள் என்னும் வகையின அவ்வினாக்கள். 2019 இல் வெளியான ஆய்வு முடிவின்படி, இம்முறை கைக்கொள்ளப்பட்ட நோயாளருக்கு இத்தகைய பேச்சு மரணத்திற்கு இடையளவாக 143 நாள்களுக்கு முன்னரே நிகழ்ந்தது. ஏனையோருக்கு 71 நாள்களுக்கு முன்னரே நிகழ்ந்தது. கடுமையான மனக்கலக்கமும் அவர்களிடையே குறைந்திருந்தது. எல்லா நோக்கங்களும் நிறைவேறவில்லை. நோயாளரின் மன அமைதியை அளந்தபோது தெளிவான வேறுபாடு தோன்றவில்லை. ஆனால், 72 நாள்கள் முந்திக் கிடைப்பது சிறிய பேறன்று. பிரிந்திருந்த மகனை அழைப்பதற்கும், காணி உறுதியை முடிப்பதற்கும், வைத்தியசாலையிலா வீட்டிலா இறுதிக்காலத்தைக் கழிப்பது எனத் தீர்மானிப்பதற்கும் அக்காலம் போதும்.

நம் நாட்டு இல்லங்களில் இவ்விடயம் வேறொரு முகங்கொண்டு வருவதுண்டு. அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் ஐயா, அவர் தாங்கமாட்டார் என்று மக்கள் வைத்தியரை இரந்து வேண்டுகின்றனர். அது வஞ்சகமன்று; அன்பின் செயலே. ஆனால், தம்மைச் சூழ்ந்தோர் கண்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவதைக் கண்ட தந்தை, உண்மையை ஊகித்தபின்னும், பிள்ளைகள் வருந்துவர் என்று அஞ்சித் தாமும் வாய்திறவாதிருக்கின்றார். ஒரே வீட்டில் அனைவரும் ஒன்றையே அறிந்தும், ஒருவரோடொருவர் பேசாது தனித்தனியே வருந்துகின்றனர். பயிற்சிபெற்ற வைத்தியர் இங்கே உறவினரைக் கடிந்துகொள்ளார். அவர்களின் அச்சத்தை முதலிற் கேட்டறிவார். பின் நோயாளரிடம், உங்கள் நோயைப் பற்றிய விபரங்களை நீங்களே அறிய விரும்புகின்றீர்களா, பிள்ளைகளிடம் சொன்னாற் போதுமா என்று வினாவுவார். அறிவதும் அறியாதிருப்பதும் நோயாளரின் உரிமை என்பதால், அவர் சொல்லும் விடையே வைத்தியருக்கு வழிகாட்டியாகும்.

நோயாளன், வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என மருந்தின் கூறுகள் நான்கு என்று திருவள்ளுவர் வகுத்தார். வைத்தியர் வாயிலிருந்து பிறக்கும் சொல் இவற்றுள் எக்கூற்றைச் சேரும்? அளவறிந்து, காலமறிந்து வழங்கினால் அதுவும் மருந்தே. மருந்தை அளந்து கொடுக்கப் பயின்ற கைகளை உடையோர், சொல்லை அளந்து கொடுக்கவும் பயிலுதல் வேண்டும். அப்பயிற்சி மருத்துவக் கல்லூரிகளிலும் தாதியர் கல்லூரிகளிலும் ஓரிரு விரிவுரைகளோடு முடிந்துவிடாது, கட்டிலருகேயும் தொடருமாயின், அறிக்கையை அறியாது அவ்வறைக்குள் நுழையும் அந்நோயாளர், தம் நோயை அறிந்து வெளியேறும்பொழுது தாம் கைவிடப்படவில்லை என்பதையும் அறிந்து செல்வார்.