ஓடை மீனும் களைக்கொல்லி மருந்தும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஓடையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் தூண்டிலும் மண்புழுவுமாக ஓடிய இடம் அது. மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது குழம்புக்கு விராலும் கெளுத்தியும் கொடுத்த இடமும் அதுவே. இன்று அங்கே போகும் பிள்ளை வெறுங்கையோடு திரும்பினால், ஏன் என்று நாம் கேட்க வேண்டாமா?

ஓடை கெடுவதற்குக் காரணங்கள் பல. ஆலைக் கழிவு உண்டு. மழையில் கரைந்து வரும் மண் உண்டு. ஆனால் நம் கையாலேயே நடக்கும் ஒன்றும் உண்டு. அதுதான் களைக்கொல்லி மருந்து. அதைப் பற்றி இன்று பேசுவோம்.

ரப்பர் மரத்தடியிலும் செம்பனை வட்டத்திலும் லாலாங் புல்லையும் மற்றக் களைகளையும் அழிக்க மருந்து அடிக்கிறோம். முன்னாளில் சோடியம் ஆர்சனைட் என்ற கொடிய பாஷாணத்தை அடித்தார்கள். பிறகு பாராகுவாட் வந்தது. அது மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது கிளைபோசேட் போன்ற மருந்துகளை அடிக்கிறார்கள். கொடிய மருந்து போய்விட்டது, இனி கவலையில்லை என்று நாம் இருந்துவிடலாமா? கூடாது.

புல்லைக் கொல்லும் மருந்து மீனை எப்படிக் கொல்லும் என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வழிகளில் கொல்லும்.

முதலாவது, மருந்து இலையில் நன்றாகப் படிவதற்காகச் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளை அதோடு சேர்க்கிறார்கள். சில மருந்துகளில், களையைக் கொல்லும் சரக்கைவிட இந்தப் பொருளே மீனுக்கும் தவளையின் தலைப்பிரட்டைக்கும் அதிகக் கேடு. அது மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். செவுள் கெட்டால் மீனுக்கு மூச்சில்லை.

இரண்டாவது, ஓடையில் உள்ள பாசியும் செடியும் மருந்து பட்டுச் செத்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அது இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை மூச்சுக்குத் தவிக்கின்றன என்று பொருள்.

மூன்றாவது, பாசி போனால் அதைத் தின்னும் பூச்சிகள் போகும். பூச்சி போனால் மீன் குஞ்சுக்கு இரையில்லை.

இங்கே நாம் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று சொல்லும் விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை ஆகியவை தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக் கூடியவை. மற்ற மீன்கள் மடிந்த பிறகும் இவை தாக்குப்பிடிக்கும். ஆகவே, "விரால் கிடைக்கிறதே, ஓடை நன்றாகத்தான் இருக்கிறது" என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டமாய்த் திரிந்த சின்ன மீன்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவைதாம் நமக்கு முதலில் சேதி சொல்பவை.

மருந்து ஓடைக்கு எப்படி வருகிறது? அடித்த சற்று நேரத்தில் பெருமழை பெய்தால், அல்லூர் வழியாக மண்ணோடு சேர்ந்து வரும். அதைவிட மோசமானது, வேலை முடிந்ததும் மருந்துப் பம்பை ஓடையிலேயே கழுவுவது. தோட்டம் முழுவதும் பரவ வேண்டிய மருந்தின் மிச்சம் அங்கே ஒரே இடத்தில் கொட்டப்படுகிறது. அதே ஓடையின் கீழ்ப்பக்கத்தில் நம் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

நாம் என்ன செய்யலாம்? பம்பை ஓடையில் கழுவ வேண்டாம். கழுவிய தண்ணீரை மருந்து அடித்த இடத்திலேயே தெளித்துவிடலாம். காலி மருந்துத் தோம்பை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஓடைக் கரையில் புல் கொஞ்சம் இருக்கட்டும். அது மண்ணையும் மருந்தையும் தடுத்து நிறுத்தும் வேலி. ஐந்து மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள சிற்றோடைக்குக்கூட இருகரையிலும் ஐந்து மீட்டர் விட வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி.

வானம் இருட்டிக்கொண்டு வரும்போதும், ஓடையின் விளிம்பு வரைக்கும் அடிக்கச் சொன்னால் என்ன செய்வது? சொன்னதைச் செய்பவர்கள்தானே நாம் என்று பேசாமல் இருந்துவிட வேண்டாம். மண்டோரிடம் பணிவாக எடுத்துச் சொல்வது குற்றமாகாது. மழையில் கழுவிப்போகும் மருந்தால் தோட்டத்துக்கும் நட்டமே என்பதை அவரும் அறிவார். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் நால்வராகச் சேர்ந்து சொல்லுங்கள். தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மீன்கள் செத்து மிதந்தால், பிள்ளைகள் அள்ளி வர விடாதீர்கள். அவற்றைச் சமைக்கவும் வேண்டாம். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், மேலே எங்கே மருந்து அடித்தார்கள் என்பதை எழுதி வைத்து, நிர்வாகத்துக்கும் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் தெரிவியுங்கள். காரணம் மருந்துதானா, வேறா என்பதை அவர்கள் சோதித்துச் சொல்லட்டும்.

மருந்தை முதுகில் சுமப்பவர்களில் நம் பெண்களும் உண்டு. தண்ணீரைக் காப்பவர்களும் அவர்களாகவே இருக்க முடியும். நாளை மாலை வேலை முடிந்து பம்பை இறக்கும்போது, ஓடைப் பக்கம் போகும் காலை ஒரு கணம் நிறுத்துங்கள். அதுவே நல்ல தொடக்கம்.