மிதப்பதும் நிமிர்ந்து நிற்பதும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துரு)



சர்வகலாசாலை மாணவன் ஒருவன் பேச எழுந்தால் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நானோ ஒரு வள்ளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கிணறும் தோட்டமும் அறிந்த அளவெட்டியானுக்குக் கடலிலே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டிலும் அதையே கேட்டார்கள்.

சென்ற விடுமுறையில் நானும் இரு நண்பர்களும் எங்கள் கையாலேயே பாய்வள்ளம் ஒன்று கட்டுவதென்று தீர்மானித்தோம். மிஷன் பள்ளிக்கூடத்திலே பௌதிகம் படித்தவர்களாகையால் உளியைத் தொடுமுன் கணக்கைத் தொட்டோம். ஒரு பொருள் தன் நிறைக்குச் சமமான நீரை விலக்கி மிதக்கும் என்பது ஆர்க்கிமிடீசு கண்ட உண்மை. வள்ளம் 100 இறாத்தல், அதில் ஏறும் இருவர் 280 இறாத்தல், ஆக 380 இறாத்தல். ஒரு கன அடி கடல்நீர் ஏறக்குறைய 64 இறாத்தல். ஆகவே வள்ளம் 6 கன அடி நீரை விலக்கினாற் போதும். 14 அடி நீளமும் இரண்டரை அடி அகலமுமுள்ள பெட்டியாயின் 2 அங்குலந்தான் அமிழும். இரு முனையும் கூர்ந்திருப்பதால் 4 அங்குலம் என்று வைத்துக்கொண்டோம். பிறகென்ன? விறாந்தைச் சீமெந்துத் தரையிலே வெண்கட்டியால் வள்ளத்தின் உருவத்தை முழு அளவிற் கீறினோம். அம்மா இரண்டு வாரம் அந்தத் தரையைக் கழுவாமற் பொறுத்திருந்தா.

பலகைகளை ஆணியால் அறையாது, விளிம்பிலே துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின்மேல் பசையும் கண்ணாடி நார்த் துணியும் ஒட்டும் முறையைக் கைக்கொண்டோம். 1963ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்த ‘மிறர்’ என்னும் சிறு பாய்ப்படகு இம்முறையினாலேயே பெயர் பெற்றது. சாதாரண குடும்பத்தவர்கள் தம் வீட்டிலேயே கட்டத்தக்கதாக அமைந்ததால், பல்லாயிரக்கணக்கில் அது பெருகிற்று. பாய்மரத்துக்கு 14 அடி மூங்கில். பாய்க்கு நீலத் தறப்பாள். வேலை முடிந்ததும் லாண்ட்மாஸ்டரில் ஏற்றி மாதகற் கரைக்குக் கொண்டுபோனோம். இரண்டு பேர் ஏறினோம். ஒருவன் கரையில் நின்றான்.

வள்ளம் மிதந்தது. அளந்து பார்த்தோம், அமிழ்ந்தது 4 அங்குலமேதான்! நாங்கள் அடைந்த பெருமைக்கு அளவில்லை. பாயை விரித்தோம். கரையிலிருந்து நூறு யார் போயிருப்போம். ஒரு காற்று அடித்தது. கண்மூடித் திறக்குமுன் பாய் தண்ணீரில் கிடந்தது, நாங்களும் கிடந்தோம். என்னோடு வந்தவனுக்கு நீந்தத் தெரியாது. அதை முன்னரே நான் கேட்டறியவில்லை என்பதை இச்சபையின் முன் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவன் இருமுறை அமிழ்ந்தான். மூன்றாம் முறை அவன் தலைமயிரைப் பற்றி இழுத்தவை, வலை இழுத்துக் காய்த்துப்போன ஒரு மீனவரின் கைகள்.

கரையிலே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். தோணி கட்டும் மேஸ்திரியார். அவர் ஏசவில்லை. கவிழ்ந்த வள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பியவை, மிதக்கிறது வேறை, நிமிர்ந்து நிக்கிறது வேறை. தண்ணி உங்கட கணக்குக்கு ஓம் எண்டு சொல்லிப் போட்டுது. காத்துக்கு ஆர் கணக்குப் பாத்தது?”

அன்று முதல் அவரே எங்களுக்கு ஆசான். பாய்மரத்தில் 3 அடியை வெட்டச் சொன்னார். பாயைக் குறுக்கச் சொன்னார். பாரம் கீழே இருக்கவேண்டும் என்று மணல்மூட்டை இரண்டை அடியிலே கட்டுவித்தார். “ஒடுங்கின வள்ளத்துக்குப் பெரிய பாய் வேணுமெண்டால் பக்கத்திலை ஒரு துணை வேணும்” என்றார். நீர்கொழும்புப் பக்கத்து ‘ஒருவ’ அதற்கு நல்ல சாட்சி. அது தனியே நில்லாத ஒடுங்கிய மரம். எட்டி நிற்கும் மிதப்புக் கட்டையே அதை நிமிர்த்துகிறது. அக்கட்டை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கவேண்டுமாகையால், அவர்கள் வள்ளத்தைத் திருப்புவதில்லை. பாயை மாற்றிப் பின்னணியத்தை முன்னணியம் ஆக்கிவிடுகிறார்கள். எத்தகைய நுண்ணறிவு!

எங்கள் செப்புக் கம்பித் தையலைக் கண்டு அவர் சிரித்தார். இந்து சமுத்திரக் கரைகளிலே ஆணியில்லாமல் கயிற்றினால் பலகை தைத்துப் படகு கட்டியது மிகப் பழைய வழக்கம். நாங்கள் மேல்நாட்டுப் புதுமை என்று எண்ணியதற்கு மூதாதை எங்கள் கடலிலேயே இருந்திருக்கிறது. அவர்தாம் வல்வெட்டித்துறை ‘அன்னபூரணி’யின் கதையையும் சொன்னார். 1930இல் அக்கரையிலே வேப்பமரத்தாற் கட்டப்பட்ட அந்த 89 அடிப் பாய்க்கப்பலை, உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ என்று புதுப்பெயர் சூட்டப்பெற்ற அக்கப்பல், வல்வை மாலுமிகளோடு சூயஸ் கால்வாய் வழியாகச் சென்று, 1938 ஆகஸ்ட் முதலாந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. எம்மவர் வீட்டு வளவிலே நிற்கும் வேம்பு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது!

தோழர்களே, எங்கள் வள்ளமும் பின்னர் கவிழாமல் ஓடியது. ஆயினும் என் மனத்தை அறுப்பது வேறொன்று. அந்த மேஸ்திரியாரிடம் கீறிய படம் ஒன்றுமில்லை. அடிக்கட்டையின் நீளத்துக்கு அகலம் எவ்வளவு, எந்த வளைவுக்கு எந்த மரக்கொம்பு என்பனவெல்லாம் அவர் கண்ணிலும் கையிலுமே இருக்கின்றன. போரும் இடப்பெயர்வும் கண்ட கரையிலே இன்று நிற்பவை பெரும்பாலும் கண்ணாடி நார்ப் படகுகள். அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில். “ஆரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை” என்றார். ஏன் கேட்கவில்லை? கைத்தொழில் செய்வோரையும் கடற்றொழில் செய்வோரையும் ஒருபடி கீழே வைத்துப் பார்க்கும் எங்கள் பழக்கமே காரணம். அந்தப் பழக்கத்தோடு நான் கடலுக்குப் போனேன். என் தோழனின் உயிரை மீட்டவை அந்தக் கைகளே.

பத்மநாதனின் நாதஸ்வரத்தாற் பெயர் பெற்ற ஊர் இது. அந்த வித்தை ஏட்டைப் புரட்டி வருவதன்று, ஆசானின் முன்னே அமர்ந்து வருவது என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோணி கட்டுதலும் அத்தகைய வித்தையே. ஆகையால் எங்கள் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அளவுநாடாவும் கொப்பியுமாக நாலு பேர் என்னோடு மாதகலுக்கு வாருங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுவோம். கட்டக் கட்ட அளப்போம். அவருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒத்திவைக்கத்தக்க வேலையன்று இது.

நீந்தத் தெரியாதவர்களும் வரலாம். ஆனால் முதலில் அதை என்னிடம் சொல்லிவிடுங்கள்.